தொங்கும் படகுக்குத் தைத்த கூரை

எழுபதுகளின் நடுவில் என் கணவருக்குச் சித்திரபுரத்திலிருந்து, மலைக்குள் இன்னும் தள்ளியிருந்த ஓர் அணைக்கு மாற்றல் வந்தது. அவர் ஃபிட்டர். மதகுக் கதவு, பம்பு, இரும்பு வடம் என்று அணையில் அசைகிற எதுவும் அவர் கைக்குள் வரும். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்பு, கிறிஸ்மஸ் வந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்களுக்குப் புதுத்துணி. அவ்வளவு தூரத்துக்கு மாற்றலா என்று அக்கம்பக்கத்தார் வருத்தப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அந்த அணைக்கு அக்கரையில் இருந்த ஏலத்தோட்டத்தில் என் அக்காவும் அத்தானும் வேலை செய்தார்கள்.

அக்கரைக்கு ரோடு உண்டு. மலையைச் சுற்றிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்து கிடக்கும். அதை விட்டால் படகுதான். அணை அலுவலகத்தின் மரப்படகு அது. தண்ணீர் மட்டம் பார்க்கவும், மிதந்து வரும் மரங்களை ஒதுக்கவும் வைத்திருந்தார்கள். அக்கரையில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அதுவே ஆம்புலன்ஸ் ஆகிவிடும். படகோட்டி தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். என் கணவரைவிட மூத்தவர். நாங்கள் அண்ணாச்சி என்போம்.

அந்தப் படகைத் தண்ணீரில் கட்டி வைக்க முடியாது. மின் நிலையத்துக்கு எடுக்க எடுக்கத் தண்ணீர் இறங்கும், மேலே மழை பெய்தால் ஏறும். காலையில் மிதந்த படகு மாலையில் பாறைமேல் சாய்ந்து கிடக்கும். அதனால் கரையோரம் நான்கு இரும்புத் தூண் நட்டு, மேலே குறுக்குச் சட்டம் போட்டு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சங்கிலிக் கப்பி மாட்டியிருந்தார்கள். வேலை முடிந்ததும் படகின் அடியில் இரண்டு பட்டைகளைக் கொடுத்துச் சங்கிலியை இழுத்தால், படகு தண்ணீரை விட்டு எழும்பித் தொட்டில் போலத் தொங்கும். எல்லோரும் அதை லிஃப்ட் என்று சொன்னார்கள்.

வெயில்காலத்துக்கு நல்ல ஏற்பாடு. வைகாசிக் கடைசியில் எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால், தொங்குகிற படகு ஒரு தொட்டி. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. அண்ணாச்சி தக்கையைப் பிடுங்கித்தான் வைப்பார். ஆனால் காற்று கொண்டுவந்து போடும் இலையும் சருகும் ஓட்டையை அடைத்துவிடும். மலை மழைக்கு ஒரு பகல் போதும், படகு விளிம்புவரை நிறைந்துவிடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் அக்கா நிறைமாதமாக இருந்தாள். ஆபத்து என்றால் அக்கரைப் பாறையில் நின்று வெள்ளை வேட்டியை வீசுவார்கள். ஒரு காலையில் மழை சற்றுத் தெளிந்த நேரம் அந்த வேட்டி தெரிந்தது. வீசுகிறவர் அத்தான் என்று நின்ற விதத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் படகுத்துறைக்கு ஓடினேன். அங்கே படகு தண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கனம் தாங்காமல் பின்பக்கப் பட்டை நழுவி, சங்கிலி கப்பிக்குள் ஏறிச் சிக்கியிருந்தது. என் கணவர் சட்டத்தின்மேல் ஏறிச் சங்கிலியைப் பிரிக்கப் பார்த்தார். அண்ணாச்சி மண்ணெண்ணெய் டின்னால் இறைத்தார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறைத்தேன். இறைக்க இறைக்க மறுபடியும் மழை வந்தது.

படகு அக்கரை போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அக்காவுக்கு லயத்திலேயே பிரசவமாகியிருந்தது. பிள்ளை அழவே இல்லை. அக்காவையாவது காப்பாற்ற வேண்டுமே என்று படகில் கிடத்தி, இக்கரை கொண்டுவந்து, ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் பிழைத்தாள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று நர்ஸ் கேட்டாள்.

யாரும் தப்புச் செய்யவில்லை. மழை பெய்தது. "ஆண்டவர் சித்தம்" என்று பாஸ்டரும் சொன்னார். எனக்கு அதை அப்படி விட்டுவிட முடியவில்லை. மழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். படகு நிறையும் என்பதும் தெரியும். தெரிந்த ஒன்றை ஏன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்?

"அந்தப் படகுக்கு மேல ஒரு கூரை போடக் கூடாதா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"தகரம் கேட்டு எழுதியிருக்கு. வரும்போது வரும்."

"அதுவரைக்கும் துணி போடலாம்லா."

"ஏளா, அது என்ன குடையா? படகு. நம்ம வீட்ட விட நீளம்."

"நீளமா இருந்தா நீளமாத் தைக்கணும். அவ்வளவுதான?"

அவர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாரக் கேப்போம்," என்றார்.

சார் என்றது அணையின் இளம் இன்ஜினியரை. கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய நல்லேப்பிள்ளிக்காரர், வயலும் தோப்புமாக இருந்த குடும்பம். மலையில் எங்கள் தென்பாண்டிப் பேச்சுக்கு நடுவில் அவருடைய கோயம்புத்தூர்ப் பேச்சு தனியாகக் கேட்கும். நான் சொன்னதை இடையில் மறிக்காமல் கேட்டார்.

"ஸ்டோர்ல பழைய கித்தான் கெடக்குதுங்க. லாரிக்குப் போட்டது. எடுத்துக்குங்க. ஆனா அந்த லிஃப்ட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும். பாத்துச் செய்யுங்க."

கித்தான் என்றால் ரவிக்கைத் துணி மாதிரி மடங்கிக் கொடுக்காது. பலகை போல விறைத்து நிற்கும். மிஷினில் இரண்டு மடிப்புக்கு மேல் கொடுத்தால் ஊசி ஒடியும். ஆகவே ஓரங்களை மட்டும் மிஷினில் அடித்துவிட்டு, கனமான இடங்களைக் கோணி ஊசியால் கையில் தைத்தேன். அந்த ஐப்பசி மழைக்கு முன்பே முதல் கூரை தயாராகிவிட்டது. ஒரே நீள்சதுரத் துண்டு, நான்கு மூலையிலும் கயிறு. தூண்களில் இழுத்துக் கட்டினோம். பார்க்கக் கல்யாணப் பந்தல் போல இருந்தது.

முதல் மழையிலேயே அதன் நடுவில் தண்ணீர் தேங்கியது. தேங்கின கனத்தில் துணி தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் இன்னும் தேங்கியது. கடைசியில் வயிறு போல உப்பி இறங்கிக் கப்பியின்மேல் உட்கார்ந்து கிழிந்தது. மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் படகுக்குள் கொட்டியது. அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய், "தங்கச்சி, மழை தேவலாம் போல இருக்கே," என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கிழிந்ததை அவிழ்த்து வீட்டுக்குச் சுமந்து வந்தேன்.

இரண்டாவது முறை, நடுவில் நீளமாக ஒரு இரும்புக் குழாயைக் கொடுத்து, வீட்டுக் கூரை போல இரண்டு பக்கமும் சரித்தேன். சாய்ந்து வரும் மழைக்காகப் பக்கவாட்டில் திரைகளும் தொங்கவிட்டேன். இனி எதுவும் தொய்யக் கூடாது என்று கயிறுகளை விரலால் தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு முறுக்கிக் கட்டச் சொன்னேன். தண்ணீர் தேங்கவில்லை. அரை நாள் நன்றாகவே வழிந்து ஓடியது. எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்: நனைந்தால் பருத்திக் கித்தானும் கயிறும் சுருங்கும். ஏற்கெனவே விறைப்பாக இருந்தது இன்னும் விறைத்து, கயிறு கோத்த பித்தளைக் கண்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்துகொண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து அணைக்குள்ளிருந்து காற்று எழும்பியது. அடிவழியாக உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழி இல்லை. கூரை மொத்தமும் உப்பி மேலே இழுத்தது. இரும்புத் தூண்களே நடுங்கின. படகு தொங்கிக்கொண்டே தூணில் மோதியது.

"கயித்த அறுத்து விடுங்க!" என்று இன்ஜினியர் மேட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். என் கணவர் அரிவாளால் அறுத்தார். துணி பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

 அண்ணாச்சிதான் முதலில் பேசினார். அவருக்கு அந்தத் திரைகள் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சங்கிலி இழுக்க நிற்கிற இடத்தை அவை மறைத்தன. "இது கூரையில்ல தங்கச்சி. நீ கப்பல் பாய கெட்டிட்டே," என்றார்.

இன்ஜினியர் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இனி இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "ஏனுங்க, காத்து உள்ள வந்தா வெளிய போறதுக்கு ஒரு வழி வுடோணுமில்லீங்களா? எங்கூர்ல வெல்லம் காய்ச்சற கொட்டாயில, பொகை போறதுக்குன்னு உச்சியில சந்து வுட்டு, அதும் மேல சின்னதா இன்னொரு கூரை போட்டிருப்பாங்க. மழை உள்ள வராது, பொகை வெளிய போயிரும். அப்படி ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாருங்க. ஆனா ஒண்ணு. அடுத்த தடவை என்ர கிட்டக் காட்டாம தூண்ல ஏத்தக் கூடாதுங்க."

அந்த நிபந்தனை எனக்கு நல்லதாகவே பட்டது. இரண்டு முறையும் நான் முழு அளவில் வெட்டித்தான் தப்பைக் கண்டுபிடித்தேன். துணி எவ்வளவு இருந்தாலும் அப்படி வெட்டிக்கொண்டே போனால் தீர்ந்துபோகும்.

அடுப்படியில் ஒரு மரப்பெட்டியில் களிமண்ணை நிரப்பி, நான்கு குச்சி நட்டேன். வாழைப்பூ மடல் ஒன்றை நூலில் கட்டிப் படகாகத் தொங்கவிட்டு, உள்ளே அரிசி மாவு தூவினேன். ஒரு துளி விழுந்தாலும் மாவு காட்டிக்கொடுத்துவிடும். பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்னக் கூரைகளாக வெட்டித் தைத்து மாட்டினேன். நான் பூவாளியால் தண்ணீர் ஊற்ற, என் கணவர் வேலை விட்டு வந்த களைப்போடு எதிரில் உட்கார்ந்து சுளகால் விசிறுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா உப்பு கேட்க வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே திரும்பிப் போனாள்.

அந்தப் பெட்டியில் நிறையப் புரிந்தது. படகின் மூக்குப் பக்கமும் வால் பக்கமும்தான் மாவு முதலில் நனைந்தது. ஆகவே கூரை இரண்டு முனையிலும் படகைத் தாண்டி, தொப்பி முனை போல நீள வேண்டும். உச்சியில் சந்து விட்டு மேலே குட்டிக் கூரை போட்டதும், எவ்வளவு விசிறினாலும் துணி உப்பவில்லை. ஆனால் ஓரங்கள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. அதை நான் பல நாள் பார்த்தேன். பாவாடையைக் கிராஸில், இழைக்குச் சாய்வாக வெட்டினால் ஓரம் தொங்கிப்போகும், அதற்காகக் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் வளைத்து வெட்டுவோம். அந்த நினைப்பில் கூரையின் ஓரங்களை நேராக வெட்டாமல், உள்பக்கமாகப் பிறை போலக் குழித்து வெட்டிப் பார்த்தேன். மூலையைப் பிடித்து இழுத்ததும் ஓரம் முழுவதும் விறைத்து நின்றது. படபடப்பு அடங்கியது. நான் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியளா?" என்றேன். அவர் சுளகை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்து, இன்னும் பலமாக விசிறிப் பார்த்தார்.

"இது நிக்கும்," என்றார். பிறகு, "சுருங்குறதுக்கு என்ன செய்வ?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி அவரே தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது சொன்னார். "மதகுக் கதவுக்கு எதிர் எடை தொங்குதுல்லா? கயித்தத் தூண்ல கெட்ட வேண்டாம். ஒரு கப்பியில போட்டு, நுனியில எடையத் தொங்கவிடுவோம். துணி சுருங்குனா எடை மேல போவும், தொய்ஞ்சா கீழ வரும். கயிறு எப்பவும் ஒரே இழுப்புல நிக்கும்."

இன்ஜினியரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் மேஜைமேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காகிதங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, குனிந்து மாவையே பார்த்தார். எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே வந்தது. ஸ்டோரில் மிச்சமிருந்த கித்தானையும் கொடுத்தார்.

மாசி, பங்குனியில் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா படகில் வந்துவிடுவாள். அவள் இன்னும் சரியாகத் தேறவில்லை. பேச்சு குறைந்திருந்தது. முதல் வாரம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தேன்மெழுகோடு உருக்கி, நூலில் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் அவளே ஒரு ஊசியை எடுத்தாள். துண்டுகளை ஓடு வேய்கிற மாதிரி மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் படியும்படி வைத்துத் தைக்க வேண்டும், அப்போதுதான் தையலுக்குள் தண்ணீர் இறங்காது என்று காட்டினேன். அவள் கை என் கையைவிட பலமானது. ஏலக்காட்டில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி பிடித்த கை. இழுத்த இழுப்பில் நூல் துணிக்குள் புதைந்தது.

ஒரு நாள் தைத்துக்கொண்டே கேட்டாள். "ஏட்டி, இத எனக்காகவா செய்யுத?"

நான் நூலைக் கடித்து அறுத்தேன்.

"எனக்காகன்னா வேண்டாம்," என்றாள். "என் புள்ள போயிட்டு. அதுக்கு நீ என்ன தச்சாலும் வராது. அடுத்த லயத்துல ஒருத்தி மாசமா இருக்கா. அவளுக்குன்னு நெனச்சுத் தை. அப்பம் தையல் கோணாது."

 வெயில் இறங்குவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே இணைப்பைத் தைத்து முடித்தோம்.

அண்ணாச்சி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மாலை பொறுக்க முடியாமல் உட்கார்ந்தார். "ஓரத்துல சும்மா மடிச்சுத் தச்சா பத்தாது தங்கச்சி. எங்க பக்கம் படகுப் பாயோட விளிம்புக்குள்ள கயிறு வச்சித்தான் தைப்பாக. இழுப்பு துணியில விழாது, கயித்துல விழும்." கயிற்றையும் அவரே கொண்டுவந்தார். ஆனால் திரை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சங்கிலி இழுக்கிற பக்கத்துத் திரை சுருட்டிக் கட்டும்படி இருக்க வேண்டும், அதுவும் ஒரே கையால் அவிழ்க்கிற முடிச்சாக இருக்க வேண்டும் என்றார். நான் நாடா வைத்தேன். அவர் ஒரு கையால் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, நாடா போதாது, மரக்கட்டைப் பொத்தான் வேண்டும் என்றார். நான்கு முறை மாற்றித் தைத்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் மழையில் விறைத்த விரலோடு அங்கே நிற்கப்போகிறவர் அவர்தான்.

மே மாதக் கடைசியில் கூரையை ஏற்றினோம். மழை இறங்கியது. முதல் வாரம் நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. சோற்றை வடித்துவிட்டுத் துறைக்குப் போய் நிற்பேன். குடை மடங்கிப்போகிற காற்று. கூரை மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏறி இறங்கியது. தூண்களில் இரும்பு எடைகள் கொஞ்சம் மேலே போயின, கொஞ்சம் கீழே வந்தன. கூரையின் நான்கு மூலையிலிருந்தும் தண்ணீர் குழாயில் விழுவது போல அணைக்குள் விழுந்தது. இன்ஜினியர் மழைக்கோட்டோடு வந்து, படகுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல்களை எனக்குக் காட்டினார். தூசிதான் ஒட்டியிருந்தது.

ஆனி மாதம் அக்கரைத் தோட்டத்தில் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரின் கூரையிலிருந்து ஒருவர் விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. செய்தி வந்து, அண்ணாச்சி கட்டைப் பொத்தானைத் தட்டிவிட்டு, திரையைச் சுருட்டி, சங்கிலியை இழுத்துப் படகைத் தண்ணீரில் இறக்கியதை நான் மேட்டிலிருந்து பார்த்தேன். இறைக்க ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்கு இறங்கிச் சேர்வதற்குள் படகு பாதித் தூரம் போயிருந்தது. அந்த மனிதர் ஒரு வருஷம் நொண்டினார், பிறகு மறுபடியும் காட்டுக்குள் வேலைக்குப் போனார். பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு ஆவணியில் பிள்ளை பிறந்தது. வலி எடுக்கும் முன்பே அவளை இக்கரை கொண்டுவந்துவிட்டார்கள். அக்காதான் கூட வந்தாள்.

கூரையில் குறை இல்லாமல் இல்லை. குட்டிக் கூரையின் ஒரு தையல் மழை நடுவில் கசிந்தது. ஏணி வைத்து ஏறி, தொங்குகிற படகுக்குள் நின்றுகொண்டு தலைக்குமேல் தைத்தேன். படகு ஆடியது. கழுத்து பிடித்துக்கொண்டது. கேட்டிருந்த தகரம் கடைசியில் வந்தபோது, இன்ஜினியர் அதை வாட்ச்மேன் அறைக்குப் போட்டுவிட்டார்.

மழை விட்டதும் மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அணையிலிருந்து ஆள் வந்தது. அங்கேயும் இதே மாதிரித் தொங்கும் படகு. இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அளவு கொடுத்துட்டாங்க. தூணும் இதே மாதிரிதானுங்களாம். இதே மாதிரி இன்னொண்ணு தெச்சுக் குடுத்தரலாமுங்களா?"

நான் இரண்டு கூரையை மழைக்கும் காற்றுக்கும் கொடுத்தவள். "அங்க காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருது சார்?" என்று கேட்டேன்.

அவர் வந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

"அப்பம் நான் அங்கன வந்து நின்னு பாக்கணும். பாக்காம ஒரு சாண் துணிகூட வெட்ட மாட்டேன்," என்றேன்.

மறுநாள் காலை ஜீப்பில் முன்சீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். மடியில் களிமண் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன்.